மஸ்ட் நாட்

ரோஸ்விதா ஹேகெலேவுக்கு மாமியாரைக் கண்டு பயமில்லை, வரி அதிகாரியைக் கண்டு பயமில்லை, இருட்டைக் கண்டும் பயமில்லை. இங்கிலீஷில் ஒரு போன் வந்தால் மட்டும் பயம். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஐம்பத்தாறு வயதில் இது என்ன கூத்து என்று அவளே தன்னைத் திட்டிக்கொள்வாள். திட்டினால் பயம் போய்விடுமா என்ன?

ஊல்ம் நகரத்துக்குத் தெற்கே, மீன் கிடங்குகளுக்கும் இறைச்சிக் கிடங்குகளுக்கும் குளிர்பதன இயந்திரம் செய்கிற கம்பெனி அது. இயந்திரம் மக்கர் பண்ணினால் வாடிக்கையாளர்கள் கூப்பிடுகிற அறையில் ஏழு பேர். ரோஸ்விதாதான் மூத்தவள். எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வால்வு எப்போது முரண்டு பிடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ஜெர்மனில் கேட்க வேண்டும். இங்கிலீஷ் அழைப்புகளை இத்தனை காலமும் ஒரே மனிதர் சமாளித்து வந்தார். அவர் ஓய்வு பெற்றுத் தோட்டத்தில் தக்காளி போடப் போய்விட்டார். மேலாளர் ப்ரோய்னிங் மறுநாளே உத்தரவு போட்டார்: எந்த மேஜையில் மணி அடிக்கிறதோ அந்த மேஜைக்காரர்தான் எடுக்க வேண்டும், எந்த மொழியானாலும் சரி.

அவளுக்கு வந்த முதல் அழைப்பே சந்தி சிரித்தது. ஸ்காட்லாந்தில் ஒரு கிடங்கு. அதன் தலைவரோடு பேச வேண்டும். ஜெர்மனில் மேலதிகாரிக்கு 'ஷெஃப்' என்று பெயர். அதையே தூக்கி இங்கிலீஷில் வைத்து, உங்கள் ஷெஃபிடம் கொடுங்கள் என்று கேட்டாள். அவர்களும் நல்ல பிள்ளைகளாகக் கேன்டீன் சமையற்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் இன்றைக்கு மீன் சூப்பும் ரொட்டியும் என்று சொல்ல, இவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். இந்தக் கதையை ஃபால்கோ கிறிஸ்துமஸ் விருந்தில் மேஜை மேல் ஏறாத குறையாக நடித்துக் காட்டினான். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்த்தான் அழுதாள்.

ஃபால்கோ அவளுக்குப் பக்கத்து மேஜை. முப்பது தாண்டியவன். ஒரு வருஷம் ஆஸ்திரேலியாவில் திராட்சை பறித்துவிட்டு வந்தவன். வந்ததிலிருந்து இங்கிலீஷைப் பெற்று வளர்த்தவனே தான்தான் என்கிற மாதிரி நடப்பான். கெட்டவன் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

"ரோஸி, ஏன் இப்படி நடுங்குற? அந்தப் பக்கம் இருக்கிறவன் போன் வழியா வந்து கடிச்சா வைக்கப்போறான்?"

"கடிச்சாக்கூட தேவல. புரியாம இல்ல பேசுறான்!"

"புரியலேன்னா திரும்பக் கேளேன்."

"கேட்டுக் கேட்டு எனக்கே அசிங்கமா இருக்கு. மூணாவது தடவை கேட்டா, இவ செவிடா முட்டாளான்னு நினைக்க மாட்டானா?"

இதற்காகவே கம்பெனி ஒரு வகுப்பு ஏற்பாடு செய்திருந்தது. புதன்கிழமை மதியம், கூட்ட அறைச் சுவரில் பெரிய திரை. திரையில் வேல்ஸ் நாட்டுக்காரி செரிஸ். ஜெர்மானியர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதே அவள் பிழைப்பு. ஜெர்மனும் நன்றாகப் பேசுவாள். இவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுத்தது இலக்கணம் அல்ல, பணிவு. இந்தப் பக்கத்து ஷ்வாபியர்களிடம் ஒரு சொலவடை உண்டு: திட்டவில்லை என்றாலே பாராட்டியதாக அர்த்தம். அப்பேர்ப்பட்ட ஜனங்களைக் குழைந்து பேச வைப்பது லேசுப்பட்ட வேலையா?

"நீங்க 'இது தப்பு, மாத்து'ன்னு எழுதுறீங்க," என்றாள் செரிஸ். "படிக்கிறவனுக்குக் கன்னத்துல ரெண்டு வச்ச மாதிரி இருக்கு. கெட்ட சேதி சொல்றப்போ முன்னாடி 'ஐ ஆம் அஃப்ரெய்ட்'னு போடுங்க. 'ஐ ஆம் அஃப்ரெய்ட், இன்னிக்கு ஆள் அனுப்ப முடியாது.' அவ்வளவுதான். எவ்வளவு இதமா இருக்கு பாருங்க."

"பயமே இல்லாம, பயமா இருக்குன்னு சொல்லணுமா?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

"அது பயம் இல்லீங்க, மரியாதை."

"அப்போ நெசமாவே பயமா இருந்தா என்னத்தைச் சொல்றது?"

அறையே சிரித்தது. திரையில் செரிஸும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள்.

அது நடந்து சில வாரம் கழித்து, இன்னொரு புதன்கிழமை. கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு, வகுப்பில் கொறிக்க வெண்ணெய் தடவிய ப்ரெட்ஸல் ஒன்றையும் வாங்கிக்கொண்டு ரோஸ்விதா மேஜைக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை, மணி அடித்தது. அயர்லாந்து எண். ஃபால்கோவைப் பார்த்தாள். அவன் நார்வேக்காரன் எவனோடோ பேசிக்கொண்டிருந்தான். கையை மட்டும் விரித்துக் காட்டினான். வேறு வழியில்லை. ப்ரெட்ஸலைக் கீழே வைத்தாள், போனை எடுத்தாள்.

அழைத்தவன் பெயர் ஃபின்டன். டோனகால் கடற்கரையில் ஒரு மீன் கிடங்கின் பழுது பார்ப்பவன். குரலைக் கேட்டால் சின்ன வயதுக்காரன் மாதிரி இருந்தது. நல்ல பையன்தான், ஆனால் பேச்சா அது! கடகடவென்று கொட்டினான். கல்லுக்கு நடுவே அரிசி பொறுக்குகிற மாதிரி அவள் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கினாள். சென்ஸர். நிலவறை. நேற்றிலிருந்து. ஃபியூஸ். புதுசு. நடுவில் 'ஸ்க்வீலிங்' என்று ஒரு சொல். அது என்ன கழுதையோ தெரியவில்லை. ஏற்கனவே மூன்று தடவை "தயவுசெய்து மறுபடியும்" சொல்லியாகிவிட்டது. நாலாவது தடவை கேட்க வாய் வரவில்லை. விட்டுவிட்டாள்.

விஷயத்தின் சாரம் புரிந்துவிட்டது என்றே நினைத்தாள். அந்த இயந்திரங்களுக்குள் ஓடுவது கரியமில வாயு. நிறம் கிடையாது, வாடை கிடையாது. கசிந்தால் தரையோடு தரையாகத் தண்ணீர் மாதிரி தேங்கும். நிலவறை என்றால் கேட்கவே வேண்டாம். தெரியாமல் இறங்கியவன் இரண்டு மூச்சு இழுப்பான், மூன்றாவது மூச்சுக்கு விழுந்து கிடப்பான். அதனால்தான் அங்கே சுவரில் ஒரு சென்ஸர் இருக்கும், கசிந்தால் கத்த. கூடவே பெரிய மின்விசிறி ஒன்று இருக்கும், கதவைத் திறந்ததும் தானாகவே ஓடி வாயுவை வெளியே தள்ள. ஃபின்டன் பழைய சென்ஸரைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டப் போகிறான். எந்தக் கம்பி எங்கே என்று கேட்டான், சொன்னாள். அவனுக்கும் புரிந்தது. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"ஒண்ணே ஒண்ணு," என்றான் ஃபின்டன். "கீழ இறங்குறதுக்கு முன்னாடி ஃபேனைப் போடணுமா?"

இது முழுசாகப் புரிந்தது. ஆகா, பாஸ் ஆகிவிட்டோம் என்று இருந்தது அவளுக்கு. அதுதான் கதவைத் திறந்தால் தானாக ஓடுமே, நீ எதற்குப் போட வேண்டும்? ஜெர்மனில் 'முஸ் நிஷ்ட்' என்று இரண்டே வார்த்தையில் முடிந்துவிடும். சொல்லுக்குச் சொல் அதை இங்கிலீஷாக்கினாள்.

"நோ, நோ. யூ மஸ்ட் நாட் ஸ்விட்ச் ஆன் த ஃபேன்."

அந்தப் பக்கம் ஒரு கணம் பேச்சில்லை.

"மஸ்ட் நாட்?"

"யெஸ். மஸ்ட் நாட்," என்றாள் ரோஸ்விதா, குரலில் ஒரு கம்பீரத்தோடு.

அவன் இன்னும் ஏதோ சொன்னான். அதில் 'ரைட்' இருந்தது, 'ஷூர்' இருந்தது, ஒரு டீ குடித்துவிட்டு இறங்குகிறேன் என்பதும் இருந்தது. நன்றி சொல்லி வைத்தான். ரோஸ்விதா நாற்காலியில் சாய்ந்தாள். முதுகெல்லாம் வேர்வை. ஆனாலும் சாதித்துவிட்டாள்.

"பாருடா!" என்றான் ஃபால்கோ, தன் அழைப்பை முடித்துவிட்டு. "சமையல்காரன்கிட்ட போகாமலே முடிச்சிட்டியே ரோஸி!"

"போடா, உனக்கு வேற வேலை இல்ல," என்றாள். ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனாள்.

வகுப்பு தொடங்கியது. யார் இந்த வாரம் இங்கிலீஷில் பேசினீர்கள் என்று செரிஸ் கேட்டதும் வழக்கமாகத் தலையைக் குனிகிற ரோஸ்விதா, இன்றைக்குக் கையைத் தூக்கினாள். ஐந்தாறு பேரும் பாராட்டாக மேஜையைத் தட்டினார்கள்.

"அயர்லாந்துக்காரரோடு பேசினேன். எல்லாம் புரிஞ்சுது. ஒரே ஒரு சொல்தான் புரியல. 'ஸ்க்வீலிங்'னா என்ன?"

"பன்னிக்குட்டியைப் பிடிச்சா வீல்னு கத்துமே, அது," என்றாள் செரிஸ். "எதைப் பத்திப் பேசுனீங்க, பன்னியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ரோஸ்விதா சிரிக்கவில்லை. சென்ஸர். நேற்றிலிருந்து. வீல் வீலென்று கத்துகிறது. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டேன். புதுசு மாட்டப் போகிறேன். இப்போது சொற்கள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு வரிசையாக வந்து நின்றன. சென்ஸர் பழுதாகிக் கத்துகிறது என்று அந்தப் பையன் நினைத்திருக்கிறான். பழுதாகாமலே கத்தியிருந்தால்?

"என்ன ரோஸி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றான் ஃபால்கோ.

"அங்க கேஸ் லீக் ஆகுதோ என்னமோ," என்றாள். பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்கிற மாதிரி, "பரவால்ல, பரவால்ல. கதவைத் திறந்தா ஃபேன் ஓடிடும். அதையும் கேட்டான், நானும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் செரிஸ். அவள் கேட்டது மொழிக்காகத்தான். அவளுக்கு வாயுவும் தெரியாது, விசிறியும் தெரியாது.

"யூ மஸ்ட் நாட் ஸ்விட்ச் ஆன் த ஃபேன்."

"ஏன்? போட்டா வெடிக்குமா?"

"வெடிக்கவா? ஏன் வெடிக்கணும்? தானா ஓடும்ல, அவன் போட வேண்டியதில்லை."

திரையில் செரிஸின் முகம் மாறியது. "ரோஸ்விதா, நீங்க அப்படிச் சொல்லல. போடவே கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க."

"இல்லியே, மஸ்ட் நாட்னு..."

"மஸ்ட் நாட்னா கூடாது. தடை. 'முஸ் நிஷ்ட்' இல்ல அது. கூடாது, ஆபத்து, தொடாதேன்னு அர்த்தம்."

இதுதான் இந்த இரண்டு மொழிக்கும் நடுவே கிடக்கிற குழி. அக்கா தங்கை மாதிரி இரண்டு சொல்லும் ஒரே முகம், ஒரே உடுப்பு. ஒன்று 'செய்ய வேண்டியதில்லை' என்கிறது, மற்றது 'செய்தால் தொலைந்தாய்' என்கிறது. எத்தனை வகுப்பு நடந்தாலும் ஜெர்மன்காரன் ஒருமுறையாவது இதில் காலை விடாமல் இருந்ததில்லை. பெரும்பாலும் சிரித்துவிட்டு எழுந்துவிடுவான்.

ரோஸ்விதாவுக்கு அந்தப் பையன் கடைசியில் சொன்னது இப்போதுதான் காதில் முழுசாக விழுந்தது. 'ரைட், அது ஆஃப்ல இருக்கான்னு நான் ஷூர் பண்ணிக்கிறேன்.' ஆஃப். விசிறியின் சுவிட்சை அவன் ஆஃபில் திருப்பி வைப்பான். திருப்பி வைத்துவிட்டால் கதவைத் திறந்தாலும் அது ஓடாது. ஜெர்மனியிலிருந்து கம்பெனிக்காரியே சொல்லிவிட்டாளே என்று நம்பிக்கையோடு இறங்குவான்.

"ஐயோ கடவுளே," என்று எழுந்தவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். பின்னாலேயே ஃபால்கோவும் மற்றவர்களும் ஓடினார்கள். திரையில் செரிஸ், "நம்பரைக் கொடுங்க, நான் பேசுறேன்!" என்று கத்தியதைக் கேட்க அறையில் யாரும் மிஞ்சவில்லை.

மேஜையில் போன் அந்த எண்ணைக் காட்டியது. அழுத்தினாள். ஃபின்டனின் கைபேசி. மணி அடித்தது, அடித்தது, பிறகு யாரோ பதிவு செய்து வைத்த குரல் ஏதோ சொன்னது. நிலவறையில் சிக்னல் எங்கே கிடைக்கும்? அப்படியானால் இறங்கிவிட்டானா? இல்லை, டீ குடித்துக்கொண்டு போனை எங்காவது வைத்திருக்கிறானா? டீ குடித்துக்கொண்டே இரு, ராசா. இன்னொரு கோப்பை ஊற்றிக்கொள். எவனாவது நண்பன் வந்து பேச்சுக் கொடுக்கட்டும். அவள் கடைசியாக எப்போது சாமியைக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை, இப்போது கூப்பிட்டாள்.

"கைபேசியை நான் விடாம அடிக்கிறேன்," என்றான் ஃபால்கோ. "நீ கம்பெனி நம்பரைப் போடு!"

போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். வரவேற்பில் இருக்கிற ப்ரீட்; குரலில் அவசரமே இல்லை.

ரோஸ்விதாவின் வாய் தானாக வகுப்பில் பழகிய பாதையில் போயிற்று. பயந்த மாடு கொட்டிலுக்குத்தானே ஓடும். "வணக்கம். என் பெயர் ரோஸ்விதா ஹேகெலே. நான் ஜெர்மனியிலிருந்து அழைக்கிறேன். தங்களால் இயலுமானால், திரு. ஃபின்டன் அவர்களோடு நான் பேச விரும்புகிறேன்."

"ஃபின்டனா? வேலையா இருக்கானே கண்ணு. வந்ததும் கூப்பிடச் சொல்லட்டுமா?"

"ஐ ஆம் அஃப்ரெய்ட், அவர் நிலவறைக்குள் செல்கிறார்."

"ஆமாமா, கீழதான் போனான், இப்பதான் என்னைத் தாண்டிப் போனான். ஒண்ணும் கவலைப்படாதீங்க, சொல்லிடறேன்."

இப்போதுதான் போனான்.

"இல்லை. ஐ ஆம் அஃப்ரெய்ட். ஐ ஆம் அஃப்ரெய்ட்!" என்றாள் ரோஸ்விதா. உடம்பில் உள்ள பயமெல்லாம் அந்த மூன்று சொல்லில்தான் இருந்தது. ஆனால் ப்ரீட் நாள் முழுக்கக் கேட்கிற மரியாதைச் சொல் அது. மீன் தீர்ந்துவிட்டது, பயமாயிருக்கிறது. மேலாளர் வெளியே போயிருக்கிறார், பயமாயிருக்கிறது. யார் அதைக் கேட்டுப் பயப்படுவார்கள்?

"பரவால்ல கண்ணு, உங்க இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கு. பெயரை மறுபடி சொல்றீங்களா? எழுத்தெழுத்தா?"

ஃபால்கோ போனுக்குக் கை நீட்டினான். "கொடு, கொடு இப்படி!" அவள் கொடுக்கவில்லை. வகுப்பும் பணிவும் எந்தப் பக்கம் போயிற்றோ தெரியாது; வேலைக்களத்தில் வளர்ந்த ஷ்வாபியப் பொம்பளை வாயைத் திறந்தாள்.

"அவனை வெளியே எடு! இப்போ! கீழே விஷக் காற்று! அவன் சாகிறான்! பெயர் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், எழுந்திரு, ஓடு!"

இங்கிலீஷ்தான். இலக்கணம் பாதி செத்த இங்கிலீஷ். ஆனால் அந்தப் பக்கம் நாற்காலி சரிகிற சத்தம் கேட்டது. ப்ரீட் "ஓவன்! ஓவன்! ஃபின்டன் கீழ மாட்டிக்கிட்டான்!" என்று யாரையோ கூப்பிட்டு அலறிக்கொண்டு ஓடுவது கேட்டது. போனை மேஜையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தாள். தூரத்தில் யாரோ ஓடுகிற காலடி, ஒரு கதவு, அப்புறம் மீன் பெட்டிகள் நகர்கிற உருளைச் சத்தம் மட்டும்.

ரோஸ்விதா மூச்சு விட்டாள். அடுத்த மூச்சு வரவில்லை.

"ஃபால்கோ," என்றாள். "அவங்க ஃபேன் போடாம இறங்கிடுவாங்க."

ஃபால்கோவுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒருவன் கீழே விழுந்து கிடப்பான், காப்பாற்றப் போனவன் அவன் மேல் விழுவான், அவனைத் தூக்கப் போனவன் அவன் மேல். இவளே இப்போது ஆள் அனுப்பியிருக்கிறாள். விரட்டி அனுப்பியிருக்கிறாள். ஒரு பையனைக் கொன்றது போதாது என்று!

"ஃபேன்!" என்று போனுக்குள் கத்தினாள். "ஃபேன் ஃபர்ஸ்ட்! ஹலோ! ஃபேன் ஃபர்ஸ்ட்!" யாரும் இல்லாத மேஜையில் கிடக்கிற போனுக்குள் இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். கூடவே ஓடி வந்தவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோஸ்விதாவின் தொண்டை கீறியது. கத்துவதை நிறுத்தினால் அங்கே ஒருவன் செத்துவிடுவான் என்கிற மாதிரி நிறுத்தாமல் கத்தினாள்.

சட்டென்று ஓர் ஆண் குரல். வயதான குரல். "யாருங்க இது? எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" வழியில் போகிற எவரோ சத்தம் கேட்டு எடுத்திருக்கிறார்.

"ஸ்விட்ச் ஆன் த ஃபேன்," என்றாள் ரோஸ்விதா. "நிலவறை ஃபேன். யூ மஸ்ட். அண்டர்ஸ்டாண்ட்? யூ மஸ்ட்!"

'மஸ்ட்' தனியாக நிற்கிறவரை இரண்டு மொழிக்கும் சண்டை இல்லை. அந்த மனிதர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "போட்டுட்டேன்னு வச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அதற்குப் பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. உலகத்தில் காத்திருப்பதைப் போலக் கொடுமை கிடையாது. ஃபால்கோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ரோஸ்விதா போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். காது மடல் நோவதே தெரியவில்லை. அவன் அம்மாவுக்கு யார் சொல்வார்கள்? எந்த மொழியில் சொல்வார்கள்? 'மன்னியுங்கள், எங்கள் மொழியில் அதற்கு வேறு அர்த்தம்' என்றா? உருளைகள் நின்றுவிட்டன. எங்கோ பலர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒரு சொல்லும் புரியவில்லை. இந்த மொழி புரிய வேண்டும் என்று அவள் வாழ்நாளில் இப்படித் தவித்ததில்லை.

யாரோ போனை எடுத்தார்கள். மூச்சு வாங்குகிற சத்தம். ப்ரீட்.

"இருக்கீங்களா கண்ணு? வெளிய எடுத்துட்டாங்க."

ரோஸ்விதா கேட்டாள். ஒரே சொல்லில்தான் கேட்க முடிந்தது. "உயிர்?"

"படியிலயே விழுந்து கிடந்தான். நல்லவேளை, அடி வரைக்கும் போகல. ஃபேன் போட்ட பிறகுதான் ஓவனை இறங்க விட்டாரு பெரியவரு, சட்டையைப் பிடிச்சு நிறுத்தி வச்சிட்டாரு. மூச்சு வருது. வாந்தி எடுத்தான். இப்ப கெட்ட வார்த்தையில திட்டுறான், கேக்குதா? ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு."

கேட்டது. தூரத்தில் ஒரு பையன் இருமிக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ரோஸ்விதாவுக்கு அது போதும். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். யாரோ முதுகைத் தடவினார்கள். போன உயிர் திரும்பி வந்தது.

இந்த அமளியில்தான் மேலாளர் ப்ரோய்னிங் வந்து சேர்ந்தார். கத்தல் அவர் அறை வரைக்கும் கேட்டிருக்கிறது. "ஃப்ராவ் ஹேகெலே, வாடிக்கையாளர்கிட்ட இப்படியா கத்துவீங்க?" என்று தொடங்கியவர், ஆட்களின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ரோஸ்விதா மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. நான்தான் சொன்னேன், நான் சொன்னதைக் கேட்டுத்தான் அவன் இறங்கினான் என்றாள்.

ப்ரோய்னிங் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேலாளர்கள் செய்வதைச் செய்தார்: ஓர் ஏற்பாடு சொன்னார்.

"சரி. இனிமே இப்படி நடக்கக் கூடாது. நீங்க இங்கிலீஷ் போன் எடுக்க வேண்டாம். நான் அப்பவே யோசிச்சிருக்கணும். இன்னியிலேர்ந்து எல்லா இங்கிலீஷ் போனும் ஃபால்கோவுக்குப் போகட்டும். அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

ரோஸ்விதா தலையாட்டினாள். அவளுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் ஃபால்கோ தரையில் உட்கார்ந்தபடியே இருந்தான்.

"ஃபால்கோ? கேக்குதா?"

"நானும் அப்படித்தான் சொல்லுவேன்," என்றான் ஃபால்கோ.

"எப்படி?"

"மஸ்ட் நாட். இன்னிக்கு அவ போன்ல சொன்னப்போ நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். காதுல விழுந்துச்சு. தப்புன்னே தோணல. எனக்கு ஒண்ணும் தோணல, ஹெர் ப்ரோய்னிங்." வாயைத் துடைத்துக்கொண்டான். "வருஷக்கணக்கா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றேன்."

அறையில் ஒவ்வொருவர் முகமும் உள்ளுக்குள் எதையோ தேடத் தொடங்கியது: போன வாரம் யாரிடம் என்ன சொன்னோம், அவன் என்ன கேட்டான், ஏன் ஒரு கணம் பேசாமல் இருந்தான்.

"நேத்து சாயங்காலம்," என்றான் ஃபால்கோ, "நியூஃபவுண்ட்லாந்துலேர்ந்து ஒருத்தன் கூப்பிட்டான். காலையில வந்து பெரிய குழாயைத் திறக்கப் போறானாம். திறக்குறதுக்கு முன்னாடி அழுத்தத்தை இறக்கணுமான்னு கேட்டான்."

அது தானாக இறங்குகிற மாதிரி செய்த இயந்திரம். தடுத்து நிறுத்தாதவரை தானாக இறங்கும்; நிறுத்திவிட்டுத் திறந்தால் குழாய் வெடிக்கும். அதை அங்கிருந்த யாருக்கும் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்ன சொன்னே?" என்று கேட்டாள் ரோஸ்விதா. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஃபால்கோ எழுந்து தன் மேஜைக்குப் போனான். எண்ணைத் தவறாகப் போட்டு, மறுபடி போட்டான். கடலுக்கு அந்தப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் இப்போதுதான் காலை வேளை. ஆட்கள் வேலைக்கு வந்திருப்பார்கள். ரோஸ்விதா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மரியாதையெல்லாம் வேண்டாம்," என்றாள். "எடுத்ததுமே கத்து."

அவன் தலையாட்டினான். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.